கொல்லிமலை மிளகு: வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

நாமக்கல் பக்கம் மலைச் சரக்கு விற்கிறோம். மிளகு, காப்பிக்கொட்டை, தேன், கடுக்காய் என்று கடை சின்னதுதான். மிளகைப் பற்றி மட்டும் ஓயாமல் கேள்வி வரும். கல்லாவில் நின்று கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

கொல்லிமலை மிளகுக்கு அப்படி என்ன விசேஷம்?

செடி அதே செடிதான். கேரளத்தில் இருப்பதும், குடகில் இருப்பதும், காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே இருப்பதும் ஒரே கொடி. வித்தியாசம் வளரும் இடத்தில்தான். கொல்லிமலையின் மேல்தட்டு சுமார் 1000 மீட்டருக்கு மேல். கீழே சேந்தமங்கலத்தில் வெயில் கொளுத்தும்போது மேலே போர்வை தேடுவோம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்திலும் பலா மரத்திலும் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். நிழல், குளிர், மலை மண் மூன்றும் சேர்ந்து காய் நிதானமாக முற்றுகிறது. அங்கே பயிர் செய்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம்தான் சரக்கு இருக்கும்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'கொல்லிமலை' என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் கொல்லிமலையில் விளைந்தது அல்ல. மணியைக் கண்ணால் பார்த்து ஊரைச் சொல்ல யாராலும் முடியாது, எங்களாலும் முடியாது. அதனால் ஊர்ப் பேரை விட்டுவிட்டுச் சரக்கைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று கீழே இருக்கிறது.

மிளகு காயா, விதையா?

முழுக் கனி. உள்ளே ஒரே ஒரு விதை, மேலே மெல்லிய சதை, அதன் மேல் தோல். நாம் பயன்படுத்துவது தோலோடு காய்ந்த பச்சைக்காய்.

அப்படியானால் வெள்ளை மிளகு, பச்சை மிளகு, சிவப்பு மிளகு?

முதல் இரண்டும் இதே கொடியில் வருபவை. முற்றிய பச்சைக்காயை அப்படியே காய வைத்தால் கறுப்பு மிளகு. நன்றாகப் பழுக்க விட்டுப் பறித்து, ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் ஊறப் போட்டுத் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு உலர்த்தினால் வெள்ளை மிளகு. பிஞ்சுப் பதத்திலேயே பறித்து உப்புத் தண்ணீரில் போட்டால் பச்சை மிளகு. தயிர்சாதத்துக்கு அதை மிஞ்சிய தொடுகறி இல்லை. எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு ஊறிய பச்சை மிளகுச் சரம் ஒன்றை வட்டலில் வைத்தால், சோறு இன்னொரு கை கேட்கும்.

பெரிய கடைகளில் ரோஸ் நிறத்தில் 'பிங்க் பெப்பர்' என்று விற்பது மிளகே அல்ல. அது தென் அமெரிக்க மரம் ஒன்றின் பழம், முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வால் மிளகும், 'சர்வசுகந்தி'யும்?

வால் மிளகு நம் மிளகுக்கு உறவு. ஜாவா பக்கத்துக் கொடி, காம்பு வால் போல ஒட்டியிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். சமையலுக்கு மிளகுக்குப் பதிலாகப் போடாதீர்கள், கசக்கும்.

சர்வசுகந்தி என்று நர்சரிக்காரர்கள் விற்பது ஆல்ஸ்பைஸ் மரம். கரீபியன் தீவுகளும் மத்திய அமெரிக்காவும் அதன் ஊர். அதன் காய் உலர்ந்தால் பெரிய மிளகு போலத்தான் இருக்கும், வாசம் மட்டும் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றையும் சேர்த்து முகர்ந்தது போல. நம் பக்கம் அதைப் பிரியாணிக்கு இலைக்காகத்தான் வளர்க்கிறார்கள்.

புது மிளகு எப்போது வரும்?

ஆனி, ஆடி மழையில் கொடி பூக்கும். அதிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் ஆகும் காய் முற்ற. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் மார்கழி, தை மாதமே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். மலையில் கொஞ்சம் தாமதம். பங்குனி வரை பறிப்பு ஓடும். வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிற வீடாக இருந்தால் மாசி, பங்குனியில் வாங்குங்கள்.

எப்படி இவ்வளவு கறுப்பாகிறது? சாயம் ஏதாவது போடுகிறீர்களா?

சாயம் இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறோம், ஏனென்றால் மிளகின் தரம் பாதி இங்கேதான் முடிவாகிறது.

சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியதும் முழுச் சரத்தையும் பறிப்பார்கள். மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். கூலி ஆள் கிடைக்காத வருடத்தில் பாதிக் காய் கொடியிலேயே பழுத்துக் குருவிக்குப் போகும். பறித்த சரத்தைக் குவித்து ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் காலால் மிதித்து மணியைப் பிரிப்பார்கள். இப்போது சிலர் மெஷினில் பிரிக்கிறார்கள்.

அடுத்த வேலையைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பிரித்த பச்சை மணியை ஓட்டைக் கூடையில் அள்ளி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். தோலில் இருக்கும் நொதி காற்றோடு சேரும்போதுதான் கறுப்பு நிறம் வருகிறது. வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கிற அதே சங்கதி. வெந்நீர் பட்டதும் தோல் இளகி எல்லா மணியும் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும், ஒட்டியிருந்த அழுக்கும் போய்விடும். ஒரு நிமிடத்துக்கு மேல் கிடந்தால் நொதியே செத்து நிறம் பழுப்பாகிவிடும். முக்காத மிளகு சாம்பலும் பழுப்புமாகக் கலவை நிறத்தில் இருக்கும். அது கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு நான்கைந்து நாள் வெயில். ஈரம் 11 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இல்லாத காலத்தில் பல்தான் மீட்டர்: கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. 100 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் சுமார் 33 கிலோ மிளகு நிற்கும். தார் ரோட்டில் கொட்டிக் காய வைப்பதையும் பார்த்திருப்பீர்கள். லாரி ஏறிய தூசியும் மண்ணும் அதோடு மூட்டைக்குள் போகிறது. களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ காய்ந்த சரக்குக்கு நாங்கள் கிலோவுக்குக் கூடக் கொடுத்தே வாங்குகிறோம். உங்களுக்கும் அதனால்தான் கொஞ்சம் கூட விழுகிறது.

நல்ல மிளகை எப்படிக் கண்டுபிடிப்பது?

வியாபாரிகள் முதலில் பார்ப்பது நிறத்தையோ பருமனையோ அல்ல, 'லிட்டர் வெயிட்'டை. ஒரு லிட்டர் படியில் தலை தட்டி அளந்த மிளகை நிறுத்துப் பார்ப்பது. 550 கிராமும் அதற்கு மேலும் நின்றால் நல்ல கனமான சரக்கு. 500க்குக் கீழே போனால் பொக்கு அதிகம், அதாவது உள்ளே பருப்பு முற்றாமல் தோல் மட்டும் காய்ந்தது. இதை வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லி டம்ளர் ஒன்றில் நிறைய மிளகை எடுத்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். 110 கிராம் பக்கத்தில் வந்தால் கவலை இல்லை.

தராசு இல்லையென்றால் விரல் போதும். நாலு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பொக்கு நொறுங்கித் தூளாகும். நல்ல மிளகு உங்கள் விரலைத்தான் வலிக்க வைக்கும்.

பப்பாளி விதைக் கலப்படம் பழைய வித்தை. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிளகு அடியில் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும் என்பதை யூடியூபில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நாலு மணி மிதந்ததும் 'பப்பாளி விதை' என்று சண்டைக்கு வர வேண்டாம். மிதந்ததை எடுத்துப் பாருங்கள். பப்பாளி விதை முட்டை வடிவில் இருக்கும், பச்சை கலந்த பழுப்பு நிறம், வாயில் போட்டால் மிளகின் வாசம் இருக்காது. மிளகு உருண்டை, தோல் வலைப்பின்னலாகச் சுருங்கியிருக்கும்.

எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும் மிளகை வாங்காதீர்கள். பழைய சரக்கைப் புதுசாகக் காட்ட மினரல் ஆயில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை காட்டிக்கொடுத்துவிடும். நன்றாகக் காய்ந்த மிளகுக்கு மினுக்கமே கிடையாது.

ஏனுங்க, இத்தனை சின்னதா இருக்கே, பெரிய மணி மிளகு இல்லீங்களா?

இருக்கிறது, விலையும் அதற்குத் தக்கபடி. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற பெரிய மணியைத் தனியாகப் பிரித்துத் 'தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்' என்று ஏற்றுமதிக்கு அனுப்புவார்கள். பார்வைக்கு அழகு. ஆனால் பெரிசாக இருப்பதால் காரம் கூடிவிடாது. ரகம், முற்றிய பதம், காய வைத்த விதம் இவைதான் காரத்தையும் வாசத்தையும் தீர்மானிக்கின்றன. கரிமுண்டா என்கிற பழைய நாட்டு ரகம் மணி சிறுத்தது, அதைக் குறைத்துப் பேசுகிற விவசாயியைப் பார்க்க முடியாது. ரசத்துக்கு இடித்துப் போடப்போகிற மிளகுக்குப் பெரிய மணி எதற்கு?

மிளகுத்தூள் ஏன் விற்பதில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் கோபித்துக்கொள்கிறவர்களும் இங்கேதான்.

மிளகில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று காரம், அதற்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். 1819இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டவரும் அவரேதான். இன்னொன்று வாசம், அது எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை தோல் இரண்டையும் பூட்டி வைத்திருக்கும். அரைத்த நிமிடமே வாசம் கிளம்பிவிடும். மில்லில் அரைக்கும்போது கல் சூடாகிறதே, அப்போதே பாதி போய்விடும். மிளகு மில்லில் ஓடினால் தெருவே மணக்கும். அந்த மணம் உங்கள் டப்பாவுக்கு வர வேண்டியது. காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது, ஆனால் கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சத்தில் கிடந்தால் பைப்பரினும் உருமாறி மெல்ல மங்கிவிடும்.

தூளில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு விஷயம். தூள் விற்றால் எங்களுக்கு லாபம் கூட வரும்தான். வேண்டாம். ஒரு சின்ன இடி உரலோ, கையால் சுற்றும் மிளகு மில்லோ வாங்குங்கள், சாப்பிடுகிற நேரத்தில் தேவையான அளவு மட்டும் பொடியுங்கள்.

வறுத்துப் பொடிப்பதா, பச்சையாகவா?

குழம்புக்கும் பொடிவகைக்கும் வறுக்கலாம். வெறும் சட்டியில், குறைந்த தீயில், ஒரு மணி வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். முட்டை, சூப், வெள்ளரிக்காய், மோர் ஆகியவற்றுக்கு வறுக்கவே வேண்டாம். வெண்பொங்கலுக்கு நெய்யில் முழு மிளகு போடும்போது ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். குழந்தைகள் பொறுக்கி ஓரமாக வைக்கிற முழு மிளகு எந்த வாசத்தையும் கொடுத்திருக்காது.

கொங்குச் சமையலில் மிளகை எங்கெல்லாம் போடலாம்?

மிளகாய் நம் ஊருக்கு வந்தது போர்த்துகீசியர் வந்த பிறகுதான், 1498க்குப் பின்னால். அதுவரை இங்கேயும் காரத்துக்கு முக்கியமாக மிளகுதான். ஆகவே 'எங்கே போடலாம்' என்பதைவிட 'எங்கே போடுவதை நிறுத்திவிட்டோம்' என்று கேட்பது சரியாக இருக்கும்.

கொள்ளு ரசத்தில் தொடங்குங்கள். கொள்ளு வேக வைத்த தண்ணீரை வடித்து எடுத்துக்கொள்ளுங்கள், கொள்ளைக் கடைந்து பருப்பாக்கிவிடலாம். நாலு பேருக்கு ஒரு டீஸ்பூன் மிளகு, ஒன்றரை டீஸ்பூன் சீரகம், தோலோடு ஆறு பல் பூண்டு. இதை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விழுதாகிவிடும், ரசம் கலங்கிக் கனத்துப் போகும். புளித்தண்ணீரும் கொள்ளுத் தண்ணீரும் உப்பும் சேர்த்து, தட்டியதைப் போட்டு, நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் வாசம் கூரைக்குப் போகும், ரசத்தில் காரம் மட்டும் நிற்கும்.

நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கும் இதே கணக்குத்தான். அரைக் கிலோ கறிக்கு இரண்டு டீஸ்பூன் மிளகு என்றால் ஒரு பங்கைச் சின்ன வெங்காயம், மஞ்சளோடு முதலிலேயே போட்டு வேக விடுங்கள். காரம் கறிக்குள் இறங்கும். மீதி ஒரு பங்கை அடுப்பை அணைத்த பிறகு, கறிவேப்பிலையோடு தூவி மூடி வையுங்கள். வாசம் அங்கிருந்துதான் வரும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டு 'உங்கள் மிளகில் வாசமே இல்லை' என்று போன் செய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் திருத்தம் இது.

குழம்புக்குச் செலவு (மசாலாச் சாமான்) வறுக்கும்போது மல்லி, சீரகத்தோடு மிளகும் போகும். மிளகாயில் கொஞ்சம் குறைத்து மிளகைக் கூட்டிப் பாருங்கள்.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு எவ்வளவு மிளகு?

போட வேண்டாம். அது வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு மூன்றும் பேசுகிற பதார்த்தம். மிளகு விற்கிற நாங்களே சொல்கிறோம்.

மஞ்சள் பாலில் மிளகு போடச் சொல்கிறார்களே, உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமினை நம் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது அது உடலில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. ஒரு மிளகு 50 மில்லிகிராம் எடை, அதில் 20இல் ஒரு பங்கு பைப்பரின் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிகிராமுக்கு எட்டு மிளகு ஆகிறது. 'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்' என்ற பழமொழிக்குக் கிட்டத்தில்தான் வருகிறோம். ஈரோட்டு மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் 2 கிராம் குர்குமின் என்பது ஒரு டம்ளர் பாலில் போடும் மஞ்சள்தூளில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பைப்பரின் சில ஆங்கில மருந்துகளையும் இரத்தத்தில் கூடுதலாகச் சேர வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் அதில் ஒன்று. சமையலில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். பைப்பரின் மாத்திரை, கேப்ஸ்யூல் என்று வாங்குவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுப்புண் இருப்பவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சளி முற்றினால் மிளகு ரசம் இதமாக இருக்கும், ஆனால் ரசம் வைத்தியர் ஆகாது.

வீட்டில் வளர்க்கலாமா? நாங்கள் இருப்பது திருப்பூரில்.

தொட்டியில் வளர்க்கலாம். 'புதர் மிளகு' என்று கேளுங்கள். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அது ஏறாது, புதராகவே நின்று காய்க்கும். உச்சி வெயில் படாத இடம், தண்ணீர் தேங்காத தொட்டி, கோடையில் இலைக்கும் கொஞ்சம் தண்ணீர். ரசத்துக்குத் தேவையான அளவு கிடைக்கும், விற்கிற அளவுக்கு வராது.

தென்னந்தோப்பு இருந்தால் கதை வேறு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்தில் ஏற்றிவிட்டவர்கள் நன்றாகவே எடுக்கிறார்கள். இருபது வயதைத் தாண்டிய உயரமான தோப்பாக இருந்தால் வெளிச்சம் அளவாக விழும். மூன்றாம் வருடம் காய் பார்க்கலாம், ஏழெட்டு வருடத்தில் முழு விளைச்சல். பன்னியூர்-1, கரிமுண்டா இரண்டும் சுலபமாகக் கிடைக்கும் ரகங்கள். பன்னியூர்-1க்கு வெளிச்சம் கொஞ்சம் கூட வேண்டும், அடர்ந்த நிழலில் வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்லக் கூடாது.

பயப்பட வேண்டியது வாடல் நோய்க்கு. ஐப்பசி மழையில் வேரடியில் தண்ணீர் நின்றால், நேற்று பச்சையாக இருந்த கொடி சில நாளில் இலையெல்லாம் உதிர்ந்து கருகி நிற்கும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். மழைக்கு முன்பே வடிகால் வெட்டி, 1 சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) வேரடியில் ஊற்றி வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள். தென்னைக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிற தோப்பில் மிளகு வைக்காதீர்கள், சொட்டு நீர் போட்ட பிறகு வையுங்கள்.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

உலகத்தில் அதிகம் மிளகு விளைவிப்பது இப்போது வியட்நாம். அங்கே மழை தவறினால் கொச்சிச் சந்தையில் விலை ஏறும், அடுத்த வாரம் கொல்லிமலைச் செம்மேட்டிலும் ஏறும். இலங்கை, வியட்நாம் மிளகு இறக்குமதியாகி வரும்போது இறங்கும். எங்கள் கையில் எதுவும் இல்லை.

கொங்கு நாட்டுக்கும் மிளகுக்கும் பழைய தொடர்பு உண்டா?

மிளகுக் கப்பல் புறப்பட்டது சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து. கொங்கு நாடு அதற்குப் பின்கட்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாதை கொடுமணல், கரூர் என்று கிழக்கே போனது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கல்மணிப் பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் கிடைத்தன. மிளகுக்கும் மணிக்கும் பதிலாக வந்த ரோமானியக் காசு கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. எதிர்முனையில், எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில் புதைத்து வைத்த இந்திய ஜாடியில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. ரோமானியர் பிளினி, ஒரு பவுண்டு கறுப்பு மிளகுக்கு 4 தெனாரியஸ் என்று விலையை எழுதி வைத்துவிட்டு, காரத்தைத் தவிர வேறு ருசி இல்லாத இதை எவன் முதலில் தின்னத் துணிந்தானோ என்கிற தொனியில் அலுத்துக்கொண்டார்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? பூச்சி வருமா?

நன்றாகக் காய்ந்த முழு மிளகு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் இரண்டு மூன்று வருடம் தாராளமாக நிற்கும். பிரிட்ஜில் வைக்க வேண்டாம், எடுத்து வைக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும். ஆடி வந்ததும் மிளகை மொட்டை மாடியில் கொட்டி மறுபடி மறுபடி வெயில் காட்டுவது பலருக்குப் பழக்கம். ஈரம் பட்டிருந்தால் அரைநாள் காட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் ஒரு மணியைத் தேய்த்து முகருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், கொட்டிவிடுங்கள். எங்களிடம் வாங்கியது என்றால் டப்பாவோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.